நீலகிரியில் ஒரு பழைய டாக்கீஸ் விலைக்கு வந்திருக்கிறது: இடிக்க விடலாமா?

மஞ்சூர் மழை:
எங்கள் பக்கத்து ஊர் தியேட்டர் விலைக்கு வந்திருக்கிறது. பெயர் போடவில்லை. வாரிசுகளுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை, இணையத்தில் பெயர் வந்தால் விலையைத்தான் ஏற்றிவிடுவோம். நீலகிரிக்காரர்களில் பாதிப் பேருக்கு எது என்று புரிந்திருக்கும், புரிந்தவர்கள் கமுக்கமாக இருங்கள்.

கட்டடத்தை மட்டும் சொல்கிறேன். கல் சுவர், தகரக் கூரை, முகப்பில் மூன்று வளைவு. நடு வளைவுக்கு மேலே சுண்ணாம்பில் செய்த ஒரு மயில், அதற்குத் தலை இல்லை. தரை டிக்கெட்டுக்குத் தனி கவுண்டர், ஒரு ஆள் மட்டும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நகரக்கூடிய கம்பிக்கூண்டு, அந்தக் கம்பியெல்லாம் கை பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கிறது. படம் நின்று பல வருஷம் ஆகிறது. இப்போது முன்பக்கம் காரட் மூட்டை அடுக்கும் குடோன், பின்பக்கம் பூட்டு. வாங்க வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே திட்டம்தான், இடித்துவிட்டுக் காட்டேஜ்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நினைவுச் சின்னமாக நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. பெயின்ட் அடித்து வாசலில் பலகை வைத்து உள்ளே வௌவால் குடியிருக்கும் கட்டடம் நமக்கு எதற்கு? சாயங்காலமானால் கதவு திறக்க வேண்டும், டிக்கெட் கிழிக்க வேண்டும். அது நடக்காது என்றால் இடிக்கட்டும், நான் அழப்போவதில்லை. ஆனால் நடக்கும் என்று நினைக்கிறேன். ஊட்டி அசெம்பிளி ரூம்ஸைப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் கூடிக் களித்த இடம், அப்போதைய சென்னை கவர்னரின் மனைவி லேடி வில்லிங்டன் அதை வாங்கி ஊருக்கென்று டிரஸ்டாகக் கொடுத்துவிட்டுப் போனார். விற்றுக் காசாக்க வாரிசு என்று யாரும் இல்லாததால்தான் அது நம் காலம் வரைக்கும் படம் காட்டும் இடமாகவே பிழைத்தது. நம் ஊர் தியேட்டருக்கும் அப்படி ஒரு வழி உண்டா, யாராவது இதில் இறங்கிப் பார்த்திருக்கிறீர்களா, கட்டட விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா என்று கேட்கத்தான் இந்த இழை. "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பிக்கும் கதைகளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது. முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை.

ஓனர் பேரன்:
தியேட்டர் நடத்திய வீட்டிலிருந்து பேசுகிறேன். மலையில்தான், வேறு ஊர். நீங்கள் நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஓனர் என்றால் பேராசைக்காரன் என்கிற மாதிரி இந்த மாதிரி இழைகள் எப்போதும் போய் முடிகின்றன, அதனால் முன்னாடியே சொல்லிவைக்கிறேன்.

நீலகிரி என்பது சினிமா வியாபாரத்தில் கோவை ஏரியாவில் சேர்த்தி. பிரிண்ட் காலத்தில் கோயமுத்தூர், திருப்பூர் எல்லாம் ஓட்டித் தேய்த்த பிறகுதான் ஃபிலிம் பெட்டி மலையேறும். படம் முழுக்கக் கோடு விழுந்திருக்கும், பாட்டு நடுவில் வெட்டியிருக்கும், "எங்கடா பாட்டு" என்று ஆபரேட்டருக்குத் திட்டு விழும். டிஜிட்டல் வந்ததும் ரிலீஸ் அன்றைக்கே போடலாம் என்று தாத்தா சந்தோஷப்பட்டார். போட்டோம். ஆனால் மெஷினுக்குப் பணம், முதல் வாரம் வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு, மிச்சத்தில் கரண்ட் பில். 2018 மார்ச்சில் டிஜிட்டல் கட்டணத் தகராறில் தயாரிப்பாளர்கள் புதுப்படமே வெளியிடாமல் நிறுத்தினார்களே, ஒன்றரை மாதம், அப்போது பழைய படத்தைப் போட்டு எட்டுப் பேருக்கு ஓட்டிக்கொண்டிருந்தோம். அடுத்த சீசனோடு மூடிவிட்டோம்.

அப்புறம் லைசன்ஸ். 1955 சினிமா சட்டம், 1957 விதிகள், அதன்படி தியேட்டர் நடத்தக் கலெக்டர் கொடுக்கும் லைசன்ஸான சி ஃபார்ம். அதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பொதுப்பணித்துறையின் கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வாளர் சான்று, தீயணைப்புச் சான்று. கொட்டும் மழையில் இந்தச் சான்றுகளுக்காக யார் அலைவது? மயிலுக்குத் தலை ஒட்டுவதற்கு ஆள் கிடைக்கும். சி ஃபார்முக்கு அலைய ஆள் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

மஞ்சூர் மழை:
அண்ணா, இந்த மாதிரி ஒரு பதிலுக்குத்தான் காத்திருந்தேன். அலைய நான் இருக்கிறேன். கட்டடத்தை வாங்கத்தான் என்னிடம் காசு இல்லை.

செகண்ட் ஷோ:
இடிக்கட்டும் விடுங்க. கையில் போன், வீட்டில் பெரிய டிவி. யார் வந்து பனியில் உட்காருவார்கள்?

கேபின் பூனை:
தம்பி செகண்ட் ஷோ, பெயரை அப்படி வைத்துக்கொண்டு இப்படி எழுதலாமா.

நான் ரிட்டையர்டு ஆபரேட்டர். கூடலூர் பக்கம் ஆரம்பித்து பிறகு மேலே வந்தவன். மஞ்சூர் மழை பழங்கதை வேண்டாம் என்றார், சரி, கதை இல்லை, வேலைக்கு ஆகும் விஷயம் சொல்கிறேன். அந்தத் தியேட்டரில் கேபின், அதாவது மெஷின் வைத்துப் படம் ஓட்டும் அறை, எப்படி இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். சுதந்திரத்துக்கு முன்னால் கட்டியதென்றால் கேபின் சுவர் மற்ற சுவரைவிடக் கனமாக இருக்கும், படம் போகிற சின்ன ஜன்னல்களுக்கு மேலே இரும்புத் தகடு தொங்கும், ஒரு கொக்கியைத் தட்டினால் எல்லாத் தகடும் ஒன்றாக விழுந்து ஜன்னலை மூடும். ஏன் என்றால் 1950-களின் தொடக்கம் வரைக்கும் வந்த ஃபிலிம் நைட்ரேட். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் கார்டைட் என்ற வெடிமருந்தை எதில் செய்தார்களோ அதே நைட்ரோ செல்லுலோஸ்தான் ஃபிலிமிலும். பற்றினால் தண்ணீரில் முக்கினாலும் எரியும். அதனால் நெருப்பு கேபினோடு நிற்கட்டும், ஜனங்கள் தப்பிக்கட்டும் என்று கட்டினார்கள். உள்ளே இருக்கிற ஆபரேட்டர் கதி என்ன என்று கேட்காதீர்கள். பழுதுபார்க்கிற எவனாவது அந்தத் தகட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடப் போகிறான், அதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். இந்த மலையில் அந்தக் காலத்துக் கேபின் இன்னும் எத்தனை மிச்சம் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கூரையில் புகைபோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். மெஷினுக்குக் கார்பன் குச்சிதான் விளக்காக இருந்த காலத்தில் இரண்டு குச்சிக்கு நடுவில் ஆர்க் எரியும், புகை வெளியே போக வழி வேண்டும். குச்சி எரிந்து தேய்ந்துகொண்டே வரும், இடைவெளியைச் சரிபண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் கண் அசந்தால் திரை மஞ்சளாகிவிடும். இரண்டாயிரம் அடி ரீல் இருபது நிமிஷத்துக்கு மேல் கொஞ்சம் ஓடும். முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும், அடுத்த மெஷின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாவது புள்ளி வந்தால் மாற்ற வேண்டும். ஜனங்கள் கண்ணில் அந்தப் புள்ளி படவே படாது. எனக்கு இன்றைக்கும் டிவியில் பழைய படம் பார்த்தால் கதை தெரியாது, புள்ளிதான் தெரியும்.

இன்னொன்று. ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது, 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு கம்பெனி. தூசி இல்லாத குளிர்க்காற்று என்றுதான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் இங்கிருந்து போனது. ஃபிலிமும் மலையில், படம் எடுப்பதும் மலையில், படம் பார்க்கத்தான் ஜனங்கள் கோயமுத்தூர் போக வேண்டும் என்றால் எப்படி? கம்பெனியையும் மூடியாயிற்று. ஒரு கேபினிலாவது இந்து ஃபிலிம் டப்பாவை ஒரு மெஷினோடு சேர்த்து வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஓனர் பேரன்:
ஐயா, எங்கள் மெஷினை எடைக்குத்தான் போட்டோம். இதைப் படித்த பிறகு சங்கடமாக இருக்கிறது. அந்த நேரத்தில் யாரும் கேட்டு வரவில்லை, அதுவும் உண்மை.

லைன் வீட்டுப் பெண்:
எல்லாரும் மெஷினையும் மயிலையும் பேசுகிறீர்கள், நான் கழிவறையைப் பற்றிப் பேசப்போகிறேன்.

எங்கள் தாத்தா பாட்டி சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள், அப்பா அம்மா இரண்டு பேரும் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைனிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு கூட்டமே படத்துக்குப் போகும். போகும்போது குறுக்குப் பாதையில் தேயிலைக்குள் இறங்கிப் போவோம், வரும்போது இருட்டில் காட்டுமாடு நிற்கும் என்று ரோடு சுற்றி வருவோம். அம்மாவும் சித்தியும் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஏன் என்று வளர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பெண்களுக்கென்று இருந்தது பின்பக்கம் ஒரு தகர மறைப்பு, கதவு கிடையாது, விளக்கு கிடையாது. டிவி வந்ததும் எங்கள் வீட்டுப் பெண்கள்தான் முதலில் தியேட்டரை விட்டார்கள், ஆண்கள் பிறகுதான்.

அதனால் பழையபடியே மீட்டெடுப்போம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வளைவை மீட்டெடுங்கள், மயிலை மீட்டெடுங்கள். அந்த முழங்கையை ஒடிக்கும் தரை டிக்கெட் கூண்டு எதற்கு? பால்கனிக்காரர்கள் முன்வாசல், தரை டிக்கெட் பக்கவாட்டுச் சந்து என்று இருந்ததே, அதையும் அப்படியே வைக்கப்போகிறீர்களா? சுத்தமான கழிவறை, விளக்கெரியும் வழி, படம் முடிந்தால் பஸ், இந்த மூன்றும் இருந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் வருவார்கள். இல்லை என்றால் டூரிஸ்டுக்கு மட்டும் நடத்துங்கள்.

மஞ்சூர் மழை:
அக்கா, கூண்டை எடுக்க எனக்கும் சம்மதம். ஒரு துண்டு கம்பியை மட்டும் சுவரில் விட்டுவைக்கலாம், எப்படி நிற்கவைத்தார்கள் என்று தெரிய வேண்டுமே.

சுண்ணாம்பு:
கட்டடப் பொறியாளர், பழைய கட்டடப் பழுதுதான் என் தொழில். ஊட்டி, குன்னூர் பக்கம் சில பங்களாக்களும் ஒரு தேவாலயமும் செய்திருக்கிறேன். சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது, முக்கியமானதை மட்டும் எழுதுகிறேன், திரை சவுண்ட் எல்லாம் என் இலாகா இல்லை.

முதல் பணம் கூரைக்கு. முகப்பைத் தொடவே தொடாதீர்கள். நம் ஆட்கள் முகப்புக்குப் பெயின்ட் அடித்துத் திறப்பு விழா நடத்திவிட்டு அடுத்த மழையில் கூரை ஒழுகி எல்லாம் பாழாவதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தகரம் நடுவில் அவ்வளவு சீக்கிரம் போகாது, போல்ட் ஓட்டையில்தான் துரு ஆரம்பிக்கும். வாஷர் காய்ந்து வெடித்திருக்கும், அந்த வழியாகச் சொட்டுகிற தண்ணீர் தகரத்தைத் தாங்கும் மரச்சட்டத்தில் இறங்கும். கீழே இருந்து பார்த்தால் மரம் நன்றாகத்தான் தெரியும். ஏணி வைத்து ஏறி ஸ்க்ரூ டிரைவரால் சட்டத்தின் மேல்முகத்தைக் குத்திப் பாருங்கள், கைப்பிடி வரைக்கும் இறங்கினால் உளுத்துவிட்டது. சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியை இன்னும் கவனமாகப் பாருங்கள், அங்கே காற்றே போகாது, முதலில் உளுப்பது அதுதான். கூரையைத் தாங்கும் மரச்சட்டகம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. நுனியை மட்டும் வெட்டி அதே ஜாதி மரத்தில் ஒட்டுப்போட்டு இரும்புப் பட்டையால் பிடிக்கலாம், தச்சருக்குத் தெரியும், தெரிந்த தச்சர்தான் குறைவு.

இரண்டாவது, சிமென்ட். கல் சுவர் என்கிறீர்கள், உள்ளே சுண்ணாம்புக் காரையாகத்தான் இருக்கும். மலைச் சுவர் வருஷத்தில் பாதி நாள் ஈரம் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விடும். சிமென்ட் பூசினால் அந்த ஈரத்துக்கு வழி அடைபட்டுவிடும். உள்ளேயே நின்று உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் மாதிரி உப்பிக் கையோடு வரும். யாரோ முன்பே சிமென்ட் பூசியிருந்தால் அதை உரித்துவிட்டு ஒரு கோடைகாலம் முழுக்கச் சுவரைச் சும்மா காய விடுங்கள். கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்கு நிற்கிற வேலை நஷ்டம். அதனால் கான்ட்ராக்டை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், உரிக்க ஒருத்தர், பூச ஒருத்தர்.

கூரையில் பிற்பாடு ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருந்தால் நீங்களே ஏறி உடைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நனைத்துத்தான் கழற்ற வேண்டும், அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

மூன்றாவது, மழைச் சத்தம். தேவாலா பக்கம் ஜூலையில் தகரத்தின் கீழ் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், வசனம் ஒன்றும் காதில் விழாது. பழைய ஆட்கள் சாக்கும் தேங்காய் நாரும் வைத்து உள்கூரை போட்டார்கள். அதை எடுத்துவிட்டு வெறும் தகரத்தை அழகு என்று காட்டினால் படம் போட முடியாது.

கேபின் பூனை:
சார் சொன்னது அத்தனையும் சரி. கூடலூரில் மழை வலுத்தால் நான் சவுண்டைக் கூட்டிக்கொண்டே போவேன். மழை சட்டென்று நிற்கும், ஹீரோயின் பேசுவது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

கொடைவாசி:
கொடைக்கானலிலிருந்து. மேலே யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது, இடிக்க நினைக்கிறவர்களிடமே சொல்லிப் பாருங்கள். மலைப்பகுதிக் கட்டட விதிகளில் உயரம் ஏழு மீட்டர்தான். நீலகிரியிலும் அதே கதை. பெரிய கட்டடம் என்றால் ஹாகா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதிக்கும் போக வேண்டும். பால்கனி வைத்த பழைய தியேட்டர் ஏழு மீட்டருக்குள் அடங்கியிருக்குமா? அடங்காது. இடித்துவிட்டால் அந்த உயரம் திரும்பக் கிடைக்காது. இங்கே மாஸ்டர் பிளானை மீறிக் கட்டிய கட்டடங்களுக்குக் கோர்ட் உத்தரவில் சீல் வைத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு இடித்துவிட்டு அப்புறம் பிளான் போடுகிற ஆளுக்கு இது நஷ்டக் கணக்கு. பாசம் பேசிப் பலிக்காத இடத்தில் கணக்குப் பேசலாம்.

பாரம்பரியச் சட்டத்தை நம்பி உட்காராதீர்கள். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தங்கம் தியேட்டரும் போய்விட்டது. 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்த மதுரை தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை.

செகண்ட் ஷோ:
அப்படியென்றால் கல்யாண மண்டபம் ஆக்குங்களேன். கட்டடமும் நிற்கும், வருமானமும் வரும். மலையில் நல்ல மண்டபம் கிடைக்காமல் மேட்டுப்பாளையம் இறங்குகிறார்கள்.

மஞ்சூர் மழை:
இது கிண்டல் இல்லை, நல்ல கேள்வி. சென்னையில் மவுண்ட் ரோடு தபால் ஆபீஸ் வளாகத்தில் எலெக்ட்ரிக் தியேட்டர் என்று ஒன்று இருக்கிறது, 1913-இல் தொடங்கியது, நகரத்தின் முதல் தியேட்டர்களில் ஒன்று. கட்டடம் இன்னும் நிற்கிறது, உள்ளே தபால்தலைப் பிரிவு. இடிக்காமல் விட்டதற்கு நன்றி, ஆனால் உள்ளே போய் ஸ்டாம்ப் வாங்கிக்கொண்டு வரும்போது அது தியேட்டராக இருந்தது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய வெரைட்டி ஹால் இன்றைக்கு ரோட்டுப் பெயரில்தான் முழுதாக வாழ்கிறது. ரயில்வே குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மெஷின் வாங்கி டென்ட் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டியவர் அவர். மண்டபம் ஆக்கினால் சரிவான தரையைச் சமம் செய்வார்கள், கேபினை ஸ்டோர் ரூம் ஆக்குவார்கள், திரைச் சுவரில் வாசல் வைப்பார்கள். பிறகு அது தியேட்டராகத் திரும்பவே முடியாது. வாரத்தில் நாலு நாள் மீட்டிங், நாடகம், பள்ளி விழா, மூன்று நாள் படம் என்றால் எனக்குச் சம்மதம். தரையைத் தொடக்கூடாது.

லீட்ஸ் சாரல்:
குன்னூரில் பிறந்து இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே யார்க்ஷயரில் ஹெப்டன் பிரிட்ஜ் என்று ஒரு சின்ன ஊர். பள்ளத்தாக்கு, ஓயாத மழை, கல் வீடு, நம் ஊரைப் பார்த்த மாதிரியே இருக்கும். 1921-இல் கட்டிய பிக்சர் ஹவுஸ் அங்கே இருக்கிறது. 2012-இல் அந்த ஊர் டவுன் கவுன்சில், நம் ஊர் பேரூராட்சி அளவுள்ள அமைப்பு, அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து கீழ் இருக்கையெல்லாம் நாசம். ஊர் கூடிச் சரிசெய்து திரும்ப நடத்துகிறார்கள். நான் போயிருக்கிறேன், இடைவேளையில் கையில் பீங்கான் கோப்பையில் டீ. கூட்டம் அதிகம் இல்லாத நாளிலும் கதவு திறந்திருக்கிறது, ஏனென்றால் லாபம் வராத வாரத்தை ஊர் தாங்கிக்கொள்கிறது.

நம் நாட்டிலேயே சிம்லா கெய்ட்டி தியேட்டர் இருக்கிறதே. 1887-இல் திறந்தது, ஹென்றி இர்வின் கட்டியது, அவர்தான் சென்னை உயர் நீதிமன்றக் கட்டட வேலையிலும் இருந்தவர். மாநில அரசு சில வருஷம் வேலை பார்த்து 2009-இல் திரும்பத் திறந்தது. நாடகக் கொட்டகைதான், சினிமா இல்லை, ஆனால் மலைக்குளிரில் பழைய மரமும் கல்லும் எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் பக்கத்தில் இல்லை. கேரளாவில் அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமே தியேட்டர் நடத்துகிறது. கூடலூரிலிருந்து எல்லை எவ்வளவு தூரம், ஒரு நாள் போய்ப் பேசிவிட்டு வரலாம்.

ஓனர் பேரன்:
பேரூராட்சி நடத்துமா? இருக்கிற பொதுக் கழிப்பறையையே அவர்களால் திறந்து வைக்க முடியவில்லை.

லைன் வீட்டுப் பெண்:
அதுக்குத்தான் நானும் கழிவறையிலிருந்து ஆரம்பித்தேன்.

சுண்ணாம்பு:
பாதுகாப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. 1997-இல் டெல்லி உப்ஹார் தியேட்டரில் 59 பேர் செத்தார்கள். பற்றியது டிரான்ஸ்பார்மர், ஆனால் கொன்றது புகையும் அடைபட்ட வழியும். காசுக்காகக் கூடுதல் இருக்கை போட்டு நடைவழியைக் குறுக்கியிருந்தார்கள். காரட் மூட்டை அடுக்கிய தியேட்டரில் பக்கவாட்டுக் கதவுகளை நிரந்தரமாக அடைத்திருப்பார்கள். அதைத் திறக்காமல் உள்ளே ஒரு மீட்டிங்கூடப் போடாதீர்கள். பழைய அழகு முக்கியம்தான், ஆனால் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்றால் பழைய கதவைக் கழற்றித் திருப்பித்தான் ஆக வேண்டும். வயரிங் முழுக்கப் புதுசு. அதில் பழமை பார்க்கக்கூடாது.

மஞ்சூர் மழை:
எல்லாவற்றையும் படித்துவிட்டு, நேற்று அந்தக் குடும்பத்தில் மூத்தவரிடமும் பேசினேன். ஒன்று தெளிவாகச் சொன்னார், "வாடகை வந்தால் எனக்கு விற்க ஆசை இல்லை, தம்பிகளுக்குத்தான் பணம் வேண்டும்." ஆக, வாங்குகிற பேச்சை இப்போதைக்கு ஓரம் கட்டுகிறேன். நீண்ட காலக் குத்தகை, பதிவு செய்த பத்திரம், குத்தகைக்காரர் ஒரு டிரஸ்ட், அதில் ஊர்க்காரர்களும் அந்தக் குடும்பத்தில் ஒருவரும். பதிவு செய்யாத வாய்ப்பேச்சில் கூரைக்குப் பணம் போட்டால், கூரை சரியானதும் கட்டடம் நல்ல விலைக்குப் போய்விடும், அது நடக்கக்கூடாது.

கணக்கில் ஒன்று நமக்குச் சாதகம். 100 ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பரிலிருந்து 5 சதவீதம், முன்பு 12. சின்னத் தியேட்டர் 100 ரூபாய்க்கு மேல் வைக்கப் போவதில்லை. புதுப்படத்துக்கு விநியோகஸ்தரோடு மல்லுக்கட்டாமல், முதல் வருஷம் பழைய படம், குழந்தைகள் படம், பக்கத்துப் பள்ளிகளுக்குக் காலைக்காட்சி என்று ஓட்டலாம். அதற்கும் உரிமை வாங்க வேண்டும், வீட்டு டிஸ்க்கைப் போட்டுக் காட்ட முடியாது. சனி ஞாயிறு மேட்னியும் சாயங்காலக் காட்சியும் போதும். செகண்ட் ஷோ வேண்டவே வேண்டாம், கடைசி பஸ்ஸைத் தாண்டிப் படம் விட்டால் லைன் வீட்டு அக்கா சொன்ன காட்டுமாடு இப்போதும் அதே ரோட்டில்தான் நிற்கிறது. சீசனில் டூரிஸ்ட் வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டமில்லை என்கிற மாதிரிதான் கணக்குப் போட்டிருக்கிறேன். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு எந்த வாரம் எவ்வளவு வண்டி ஏறும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

ஓனர் பேரன் அண்ணா, நீங்கள்தான் இந்த டிரஸ்டில் இருக்க வேண்டும். சி ஃபார்ம் தெரிந்த ஆள் எங்களில் வேறு யாரும் இல்லை.

செகண்ட் ஷோ:
என் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் போல.

ஓனர் பேரன்:
யோசித்துச் சொல்கிறேன். பழைய லைசன்ஸ் ஃபைல் ஒன்று வீட்டில் இருக்கிறது, எந்தெந்த ஆபீஸ், எந்த வரிசை என்று அதில் தாத்தா கையெழுத்தில் குறிப்பு உண்டு. அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அதற்கு மேல் இப்போதைக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

சுண்ணாம்பு:
மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்துவிட வேண்டும். வருகிற ஞாயிறு காலை நான் குன்னூரில்தான் இருப்பேன். உயரமான ஏணி, டார்ச் லைட், ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். மூட்டை அடுக்கியிருக்கும் வியாபாரியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சாவி அவரிடம்தானே இருக்கும்.

கேபின் பூனை:
நானும் வருகிறேன். படி ஏற முடியாது, முட்டி வலி, யாராவது கேபினுக்குள் போய் போன் கேமராவில் காட்டினால் கீழே நின்றே எது என்ன என்று சொல்லிவிடுவேன். இரும்புத் தகட்டில் கை வைக்கும்போது பார்த்து, சங்கிலி அறுந்திருந்தால் விரல் போய்விடும்.

லைன் வீட்டுப் பெண்:
ஞாயிறு எனக்கும் லீவுதான். பின்பக்கத்துப் பூட்டுக்கும் சாவி வாங்கி வையுங்கள், எனக்குப் பார்க்கவேண்டியது அந்தப் பக்கம்.